பாதி சவரம்

வலக் கன்னம் முடிந்தது.
கத்தியைத் துடைத்துக்கொண்டு
இடப்பக்கம் வந்தபோது
நுரை அஸ்பாரூஹின் உதட்டோரம் இறங்கி
கழுத்துத் துணியில் சொட்டியது.
அவர் துடைக்கவில்லை.
அது வழிவதே அவருக்குத் தெரியவில்லை.

முப்பது ஆண்டு டான்யூபில் படகு விட்டவர்.
இந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால்
விதின் நகரத்து வம்பு அத்தனையும்
என் கடையில் சரக்கு இறங்கும்.
அன்று, "படகு" என்று தொடங்கிய சொல்
வாயிலேயே ஊறிக் கிடந்து
கூழாக வெளியே வந்தது.

"சிரிங்க," என்றேன்.
எதற்கு என்று பார்த்தார்.
பிறகு சிரித்தார், பாதி முகத்தால்.
மறுபாதி
துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு கையும் தூக்குங்க."
வலது உயர்ந்து நின்றது.
இடது, துணிக்கடியிலிருந்து புறப்பட்டு
நடுவழியில் எதையோ மறந்தாற்போல்
திரும்பிப் போனது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து பதினேழு.
விரலில் இருந்த நுரையாலேயே
கண்ணாடியில் எழுதினேன்: 10:17.
நூற்றுப் பன்னிரண்டுக்கு அழைத்தேன்.

காத்திருந்த காமென் தண்ணீரோடு ஓடிவந்தான்.
அவன் பின்னால் ராக்கியா புட்டியோடு இன்னொருவர்.
ஒரு சொட்டும் வேண்டாம் என்று தட்டிவிட்டேன்.
விழுங்க மறந்த தொண்டைக்குத்
தண்ணீரும் பகை.

ஆறு நிமிடம் போயிருக்கும்.
உள்ளே யாரோ ஸ்விட்சைப் போட்டதுபோல
முகம் நேரானது.
"போயிடுச்சு," என்றார், தெளிவாக.
"மிச்சத்தையும் வழிச்சு விடு. சந்தைக்குப் போகணும்."
ஆம்புலன்ஸ் வருகிறது, இருங்கள் என்றேன்.
தலையை மேலும் கீழும் ஆட்டினார்.
எங்கள் ஊரில் அதற்கு
மாட்டேன் என்று பொருள்.

மெத்தோதியும் இப்படித்தான் எழுந்து போனார்,
நான்கு வருடத்துக்கு முன், இதே நாற்காலியிலிருந்து.
அவருக்கு நாக்குக் குழறியது.
காலையிலேயே ஊற்றிக்கொண்டார் என்று
கடையே சிரித்தது. நானும்தான்.
மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்தேன்.
எண்ணத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.
இப்போது அவர் மனைவி
கரண்டியை அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம்
தன் வாயையும் திறக்கிறாள்.

கதவைப் பூட்டினேன்.
சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டேன்.
"திருட்டுக்காரி!" என்றார்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.
"இப்ப வந்துட்டுப் போனது
நோட்டம் பார்க்க வந்தவன்.
திருடன் பின்னால வருவான். உட்காருங்க."

வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி:
எப்போது தொடங்கியது?
கண்ணாடியைக் காட்டினேன்.
நுரை காய்ந்திருந்தது,
எண் அழியவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார்.
ஒரு கன்னத்துத் தாடி
மற்றதைவிட ஒரு வாரம் மூத்தது.
இதயம் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்ததாம்,
யாருக்கும் சொல்லாமல்.
அதில் உறைந்த ஒரு துளி
தலைக்குப் போய்வந்ததாம்.
அழுத்தத்துக்குத் தந்த மாத்திரையை,
"நல்லாத்தானே இருக்கேன்" என்று
பதினோரு மாதமாக அலமாரிக்குத்
தின்னக் கொடுத்திருக்கிறார்.
"பார்த்து வழி. இப்ப ரத்தம் உறையாம இருக்க
மாத்திரை போடறேன். கீறினா லேசில நிக்காது."
கொஞ்சம் யோசித்து,
"மிச்சம் பாதிதானே? காசும் பாதிதான்."

ரத்த அழுத்தக் கருவி ஒன்றைக்
காமென் வாங்கி வந்தான்.
சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
முடிவெட்ட வந்தவர்கள் அதைத்
தெரியாத வீட்டு நாயைப்போலச் சுற்றிப் போனார்கள்.
"கடிக்காது, பாருங்க," என்று
என் கையிலேயே சுற்றிக்கொண்டேன்.

நூற்று எழுபத்தெட்டு.

கத்தரிக்கோல் சத்தம்கூட இல்லை.
மேசைமேல் என் மதியப் பொட்டலம்:
ரொட்டி, உப்பில் ஊறிய வெள்ளைப் பாலாடைக்கட்டி,
அதன்மேல் தூவ
இன்னும் கொஞ்சம் உப்பு.
ஐந்து நிமிடம் சும்மா இருந்து
மறுபடி அழுத்தினேன்.
நூற்று எழுபத்தாறு.

"சாயங்காலம் போறேன் டாக்டர்கிட்ட," என்றேன்.
"ஆள் இருக்காங்க இப்ப."

அஸ்பாரூஹ் எழுந்து
கதவருகே போய் நின்றார்.
சாவிக்காகக் கை நீட்டினார்.
இடது கை.