கை கண்ட சிவப்பு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவாள் அந்தப் பெண்,
தாம்பரே ஊரிலிருந்து, பஸ்ஸில்,
திரும்பும்போது எங்கள் வோல்வோவில் போவதற்காக.
"பார்க்காமலே வாங்குகிறாளா?" என்றேன்.
"பார்க்காமலேதானே விற்கிறேன்" என்றார் அர்மாஸ்.

இரண்டு குளிர்காலமாக அவருக்கு
நடுவில் எதுவும் தெரிவதில்லை.
ஓரங்கள் மட்டும்:
கதவின் நிலை, பாதி பிர்ச் மரம், என் காதுகள்.
டாக்டர் ஒரு காகிதம் எழுதினார், லைசென்ஸ் போயிற்று.
கார் மட்டும் போகாமல் நின்றது,
எங்கே நிறுத்தினாரோ அங்கேயே.

வியாழன் காலையே தொடங்கிவிட்டார்.
இரண்டு வாளி, ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர்.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு
பானெட்டின் மேல் மெல்ல நகர்த்தினார்.
வெறுங்கைக்குத் தட்டாத தூசு
பைக்குள் இருக்கும் கைக்குத் தட்டுமாம்.
நம்பாமல் நானும் மாட்டிப் பார்த்தேன்.
கண்ணாடி என்று நினைத்த இடம் முழுக்க
ரவை.

களிமண் கட்டியால் அதை வழித்தெடுக்கவே
ஒரு பகல் ஆனது.

அறுபத்தேழாம் வருடத்து வண்டி.
நிறத்துக்கு மேல் வேறு பூச்சு கிடையாது,
தேய்க்கத் தேய்க்கத் துணியில் சிவப்பு இறங்கும்.
ஆண்டுக்கு இரண்டு முறை, நாற்பத்தியோரு ஆண்டு.
அத்தனை துணியையும் பிழிந்தால்
இன்னொரு கதவுக்குப் பெயிண்ட் தேறும்.

"துணி என்ன நிறம்?"
"சிவப்பு."
வட்டம் வட்டமாகக் கை போகும், பிறகு நீளவாக்கில்.
"இப்போது?"
"சிவப்பு."
கூரை. பின்கதவு.
"சிவப்பு, சிவப்பு."

வெள்ளி சாயங்காலம்
இடது விளக்குக்கு மேலே, மட்கார்டு மடிகிற விளிம்பில்,
துணியில் சாம்பல் வந்தது.
அடிப்பூச்சு. ஒரு காசு அகலம்.

"என்ன நிறம்?"

கொக்குகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன,
வயலுக்கு மேல், கத்திக்கொண்டே.
வாசல்வரை போய் அண்ணாந்து பார்த்தேன்.
எண்ணினேன்கூட.
திரும்பி வந்து "சிவப்பு" என்றேன்.
அவர் கை அந்த இடத்தைவிட்டு
வேறு பக்கம் போய்விட்டது.

இரவு மெழுகு.
கஞ்சன் வீட்டு வெண்ணெய்போல மெலிசாக.
பனிமூட்டமாகக் காயும்வரை
இருவரும் கவிழ்த்துப்போட்ட பால்பெட்டிகளில் உட்கார்ந்திருந்தோம்.
சுண்டுவிரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார்.
பிசுக்கினால் பொறுக்க வேண்டும்.
பொறுத்தோம்.
கண்ணும் கருத்துமாக என்பார்களே,
அதில் ஒன்றை வைத்துக்கொண்டே துடைத்து முடித்தார்.
முன்கதவில் முகம் பார்த்து
நான் தலை வாரிக்கொண்டேன்.

கைசு என்று பெயர் சொன்னாள். முப்பது இருக்கும்.
தூறல்.
பானெட்டில் தண்ணீர் மணிமணியாக உருண்டு நின்றது.
வண்டியைச் சுற்றி வந்தாள், முன்பக்கம் குனிந்தாள்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

அர்மாஸ் படியில் நின்றபடியே,
அவள் மழைக்கோட்டின் சரசரப்பு எங்கே ஓய்ந்ததோ
அந்தப் பக்கம் முகம் திருப்பி,
"இடது விளக்குக்கு மேலே. ஒரு காசு அளவு.
நேற்று நான் செய்தது.
இருநூறு யூரோ குறைத்துக்கொள்" என்றார்.

"எதைச் சொல்கிறீர்கள்?" என்றாள்.
அவள் பார்த்துக்கொண்டிருந்தது
டயரை.

போனாள்.
சாலை திரும்பும்வரை தலை சாய்த்துக் கேட்டார்.
"மூன்றாவது கியரை அவசரப்பட்டுப் போடுகிறாள்."
வேறொன்றும் சொல்லவில்லை.

காப்பி ஊற்றும்போது கேட்டேன்,
எப்படித் தெரியும் என்று.
"மற்ற நேரமெல்லாம் உடனே சொன்னாய்.
ஒரு தடவை மட்டும்
கொக்கு பார்க்கப் போனாய்."

துணிகளை மெஷினில் போட்டேன்.
எப்படியோ அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும்
உள்ளே போய்விட்டது.
காய்ந்ததும் மாட்டிக்கொண்டார்,
காலரை இழுத்துவிட்டுக்கொண்டு
"வெளுத்திருக்கிறதா?" என்றார்.

"பளிச்சென்று வெள்ளை" என்றேன்,
உடனே.