மூன்று கால்

கன்டோன் மருத்துவர் ஃப்ராவன்ஃபெல்டில்.
யோகசிங்கம் மூன்ஸ்டர்லிங்கன் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
நான் வின்டர்தூரில், என் குசினியில், காதில் வயரோடு.
நிமிடக் கணக்கில் எனக்குக் காசு.

டாக்டர் பெண்; குடும்பப் பெயர் அம்மான்.
ஆறு வருடமாகியும் அந்தப் பெயரை
உறவு ஒட்டாமல் உச்சரிக்க வரவில்லை.
நோய் துலரேமியா. அங்கே பேச்சில் முயல்கொள்ளை;
அதை அவர் வாயில் எடுக்கவில்லை.

கடந்த பதினான்கு நாளில்
உண்ணி கடித்ததா.
ஓடைத் தண்ணீர் குடித்தீர்களா.
புல் வெட்டும் மெஷின் ஓட்டினீர்களா?
ஓம், ஓம், அதில் மட்டும் அவசரம்,
ஆப்பிள் தோட்டத்தில், புதனுக்குப் புதன்.

இடது பெருவிரலில் ஆறாத புண்.
அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி.
நெல்லிக்காயை அவருக்கு எப்படிக் காட்டுவது,
வால்நட் என்றேன்.

செத்த விலங்கு எதையாவது தொட்டீர்களா?
இல்லை.
காட்டு முயல்?
இல்லையெண்டு சொன்னனான் தானே.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற குரல்.
அதற்கு ஜெர்மனில் என்னிடம் இருந்தது
'நைன்' மட்டும்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.
தங்கச்சி, இப்ப சொல்லுறதை அவவுக்குச் சொல்லாதையுங்கோ.
ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம்
நான் சொல்லியாக வேண்டும். தொடங்கும்போதே சொன்னேனே.
தெரியும், என்றார்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது.

விடிய நாலரை, சைக்கிள்.
மெர்ஷ்டெட்டன் தாண்டி ரோட்டோரம், உடம்பில சூடு ஆறேல்ல.
எடுத்தால் குற்றமாம், பெர்மிட்டில கை வைப்பாங்கள்.
பாத்ரூமுக்குள்ள வைச்சு உரிச்சன், கத்தி வழுக்கிப்போச்சு.
மூண்டு கால்தான் இருந்தது, தங்கச்சி.
மற்றதைக் கார் கொண்டுபோட்டுது.

சொன்னேன். அந்த மூன்று காலையும்.
பொலிஸ் என்ற சொல் எந்தப் பக்கமும் வரவில்லை.
எந்த வளைவு, எந்தக் கிழமை,
தோலை எங்கே போட்டீர்கள்,
பாத்ரூமை யார் கழுவினார்கள்?

மனுசி, என்றார்.
பிறகு, தனக்கே சொல்வதுபோல்:
அவவுக்கு நேற்றையில இருந்து காய்ச்சல்.

நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள்
அம்மானின் நாற்காலி நகர்ந்தது.

மிச்சம் பிரீசருக்குள்ள கிடக்குது.
அதையும் சொல்லோணுமோ?

அடுத்த வாரப் பட்டியலில்
துர்காவ்: இரண்டு.
போன வருடம் இதே வாரம்: கோடு.
முயலுக்கென்று கட்டம் இல்லை.
எனக்கு அப்போது வேறு அழைப்பு,
ரோமான்ஸ்ஹார்ன், கடைவாய்ப் பல்.