சேதப் பதிவேடு

கிளீவ்லேண்டில், ஒரு கிளை நூலகத்தின் நிலவறையில்
பதினோரு வருஷமாக எனக்கு வேலை அழிப்பது.
ஒட்டுவது, தைப்பது, முதுகு கட்டுவதும் உண்டு.
என்றாலும் ரப்பர்தான் முதலில் தேயும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பழுப்புப் பென்சில்
என்னைத் தேடி வர ஆரம்பித்தது.
முதலில் ஓர் இளவரசி:
நெற்றி, மூக்கு, கழுத்து, கைவிரல் பத்தும்
கோடு தாண்டாத பழுப்பு.
கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது.
அடுத்த வாரம் நிலாவுக்குப் போகும் பையன்.
பிறகு ஒரு பல் மருத்துவர்.
பிறகு, சிரிக்காதீர்கள், ஒரு தேவதையின் இரண்டு காதுகள்.
முகத்துக்கு நேரம் போதவில்லை போலிருக்கிறது.

யாரென்று தெரியாது.
வாசகர் பெயரைச் சேமிப்பதில்லை எங்கள் கணினி.
'சேத வகை: கிறுக்கல்' என்று எழுதுவேன்.
கிறுக்கல் இல்லை அது.
ஒரே திசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடுகள்.
அழிப்பேன்.
பழுப்புத் தூள் என் கைமேல் விழும்;
விழுந்தது தெரியாது.
ஊதிவிடுவேன். சம்பளம் அதற்குத்தான்.

எட்டு வயதில் எனக்கும் இருந்தது நூலக அட்டை.
நான் எதற்கும் வண்ணம் தீட்டியதில்லை.
கதைக்குள் போகும்போது என்னைக் கழற்றி
வாசலில் விட்டுவிட்டுப் போவேன்,
பனி அப்பிய பூட்ஸைப் போல.
சில நாள், திரும்பும்போது
மாட்டிக்கொள்ள மறந்தும் போயிருக்கிறேன்.

ஏப்ரலில் லவோனியா ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தாள்.
அதில் ஒரு கதை: பாலத்தடியில் தவளை பிடிக்கிறாள் ஒருத்தி,
பின்னலில் மணிகள் குலுங்க, முழங்காலில் தழும்போடு.
நிறம் அச்சிலேயே இருந்தது.
யாரும் எதையும் ஜெயிக்கவில்லை, யாரும் அழவில்லை.
தவளை தப்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

ஜூனில் அது என் மேசைக்கு வந்தது.
பதினான்காம் பக்கத்தில் எண்ணெய் வட்டம்:
தலை பின்னக் கொடுத்துக்கொண்டே
யாரோ படித்திருக்கிறார்கள்.
பழக்கதோஷம், ரப்பரைக் கையில் எடுத்தபடி புரட்டினேன்.
முகத்தில் பென்சில் இல்லை.
கையில் இல்லை. கழுத்தில் இல்லை.
கடைசிப் பக்கத்தில்
வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் அவளுக்கு
மஞ்சள் பூட்ஸ் போட்டுவிட்டிருந்தது பென்சில்,
தாறுமாறாக, சேற்றின் மேலெல்லாம் வழிந்து.
தவளைக்கும் போட்டிருந்தது. நாலு.

பதிவேட்டைத் திறந்தேன்.
மேலே லவோனியா வண்டி தள்ளும் சத்தம்.
சேத வகை:
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எண்ணெய், சிறிதளவு.
வேறொன்றுமில்லை.