ஓடைக்கரை மூட்டை

சங்கக் கூட்டத்தில் இரண்டே விஷயம்:
போர்வெல் மோட்டார், நரி.
மோட்டாரை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

நாலாம் குறுக்கு எபிநேசர் வீட்டுக் கேமராவில்
சாம்பல் நிறத்தில் வந்திருந்தது.
ஒன்றல்ல, இரண்டு.
பின்னால் வந்ததற்கு ஒரு கால் தாங்கல்.
கைமாறிக் கைமாறி செல்போன் வந்தபோது
பெண்கள் பக்கம் பேச்சு நின்றது.
கண் இருக்கும் இடத்தில் வெறும் வெளிச்சப் பொட்டு.

முயல் ரெண்டு போச்சு என்றார் ருக்மாங்கதன்.
டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளுக்கு
யார் பொறுப்பு என்றாள் ஜெயசுதா.
ஃபாரஸ்டுக்குப் போன் போட்டாயிற்றாம்.
இருக்கிற ஒரு கூண்டும்
குரங்கு பிடிக்க ஏற்காடு போயிருக்கிறதாம்.
ஜருகுமலையிலிருந்துதான் இறங்குகிறது,
மலைக்கு வேலி போட முடியுமா என்று ஒருவர் கேட்க
யாரும் சிரிக்கவில்லை.

மாதையன் தொண்டையைச் செருமினார்.
"ஈரல்ல குருணை மருந்து வெச்சா
ஒரே ராத்திரி வேலை."

ஈரல் என்றதும்
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.
முனையில் இருப்பது எங்கள் பிராய்லர் கடை.
"அரைக் கிலோ எடுத்து வைங்கக்கா,
சங்கக் கணக்குல எழுதிக்கலாம்."

தலையாட்டினேன்.

இதை எங்கே சொல்ல?
ஞாயிற்றுக்கிழமை அறுபது கோழி உரிக்கிறோம்.
குடலும் தலையும் இறகுமாக
நாற்பது கிலோ மிஞ்சும்.
கழிவு வண்டிக்காரன் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கேட்டபோது
"வீசறதுக்கும் காசா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.
அன்றிலிருந்து
கடை அடைத்தபின் எக்ஸெல் வண்டியில்
ஓடைக்கரைக்குப் போகிறது மூட்டை.
வாய் கட்டுவது நான். இரட்டை முடிச்சு.
மறுநாள் பார்த்தால் சாக்கு கிடக்கும்,
உள்ளே ஒன்றும் இருக்காது.
சுத்தம் என்று நினைத்தேன்.
சத்தியமாக, சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

வாழப்பாடிப் பக்கம் பிறந்தவள் நான்.
அங்கே பொங்கல் முடிந்தால்
வலையோடு போய்த் தேடுவார்கள் இதே நரியை.
அதன் முகம் பார்த்தால் அந்த வருஷம் விளையும்.
அபராதம் கட்டிக்கூடப் பார்த்தார்கள்.
இங்கே
சதுர அடி ஆயிரத்து எண்ணூறு கொடுத்தவர்களுக்கு
அந்த முகமே ஆகவில்லை.

அன்றைக்கு அவருக்கு இடுப்பு வலி.
மூட்டையை நான் கொண்டுபோனேன்.
எக்ஸெல் சத்தம் கேட்டதுமே
வேலிக்காத்தான் புதரிலிருந்து வந்து நின்றது,
தாங்கல் கால்.
ஓடவில்லை. பல்லைக் காட்டவில்லை.
டோக்கன் வாங்கியவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றது.
என் கையைப் பார்த்தது,
பிறகு மூட்டையை,
பிறகு மறுபடி கையை.

நான் இறங்கவேயில்லை.
வண்டியைத் திருப்பும்போது
கொஞ்ச தூரம் கூடவே வந்தது,
சில்லறை பாக்கி இருப்பது போல.

இரவு முழுக்க மூட்டை ஐஸ் பெட்டியில்.
விடிந்ததும் கழிவு வண்டிக்குப் போன் போட்டேன்.
ஏழு மணிக்கு மாதையன் வந்தார்.
"ஈரல் தீந்துபோச்சுங்க."
கண்ணாடிக்குப் பின்னால் தட்டு நிறைய இருந்ததை
அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
"அது ஓட்டல் ஆர்டர்."

மூன்று ராத்திரி
ஓடைப் பக்கமிருந்து ஊளை வந்தது.
ஒவ்வொன்றுக்கும் கண் விழித்தேன்.
நாலாம் நாள் இல்லை.
அணுகுண்டு வெடி வாங்கிப் போட்டதில்
பயந்து மலையேறிவிட்டது என்று
மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.
எங்கே போனது, என்ன தின்றது,
அந்தக் காலோடு எவ்வளவு தூரம் ஏறியிருக்கும்,
அதற்கு நோட்டில் இடமில்லை.

கழிவு வண்டி, எண்பது ரூபாய்
என்று நான் எழுதுவதைப் பார்த்தபடி
வீட்டுக்காரர் கேட்கிறார்:

"வாரா வாரம் இப்படித் தண்டம் வெக்கறியே,
யார் மூஞ்சில முழிச்ச நீ?"