அளவு நோட்டு

நாற்பதாம் பக்கத்தில்
உமையாள் டீச்சரின் கழுத்து, கை, இடுப்பு.
எதிர்ப்பக்கத்தில்
என் வீட்டுக்காரர் முழங்கால்.

திங்கள்:
வலது பதினஞ்சு, இடது பதினாறரை.
பள்ளத்தூர்க் கண்மாய்க்கரையில்
லைனை உரசிய சீமைக்கருவேலை வெட்டப் போனவர்
முட்டி போட்ட இடத்தில் முள் ஏறிவிட்டது.
பிடுங்கிப் போட்டுவிட்டுக் கம்பம் ஏறினாராம்.
முள்தானே.

செவ்வாய்: பதினேழு.
மூசாம்பரம் குழைத்துப் பத்துப் போட்டேன்.
"நீர் கோத்திருக்கு" என்றார் எதிர்மெஸ்காரர்.
"வாய்வு" என்றாள் நாத்தனாள்.
இவரோ,
கரண்டு போன வீடுகளுக்குப் போனில் சொல்லும் அதே குரலில்
"அரை மணியில சரியாயிரும்."

புதன் ராத்திரி
டேப்பைச் சுற்றிய விரல் சுட்டது.
வலது முட்டியைத் தொட்டேன், தண்ணீர்ச் செம்பு.
இடதைத் தொட்டேன், இஸ்திரிப் பெட்டி.
பதினெட்டு.
சிவந்து மினுங்கிய தோலுக்குள்
சில்லு எங்கே என்று தெரியவில்லை.
ஊன்றச் சொன்னால் சுவரைப் பிடித்தார்.
ஆடிப் புழுக்கத்தில் போர்வை கேட்டார்,
பல் தந்தியடித்தது.

வீக்கத்துக்கு இஞ்ச் உண்டு.
குளிர்க் காய்ச்சலுக்கு என் டேப்பில் கோடு இல்லை.

"காலையில பாப்போம்."
"பொறி பறக்குற கம்பத்தக்
காலையில பாப்போம்னு விட்டுட்டு வருவீகளா?"

அடைக்கலத்தின் ஆட்டோ.
கோட்டையூர் தாண்டுமுன்
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
என் மணிக்கட்டை நசுக்கினார்.
சேவுகன் என்று பேர் எழுதிக்கொண்ட நர்ஸ்
முட்டியைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

காரைக்குடி டாக்டரம்மா ஊசியால் இழுத்தது
அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.
"வெறும் வீக்கம்னா ரெண்டு நாள் பொறுக்கலாம்மா.
சுட்டு, குளிர்க் காய்ச்சலும் வந்து,
கால ஊன்ற முடியலேன்னா
விடியறவரைக்கும்கூட வச்சிருக்கக் கூடாது.
மூட்டுக்குள்ள கிருமி, குருத்தெலும்பத் தின்னுரும்."
நான் நீட்டிய நோட்டை வாங்கி
தேதி தேதியாகப் படித்தார்.
"அருமையா எழுதியிருக்கீங்க. இந்த முப்பத்தாறு?"
"அது டீச்சர் இடுப்பு."
அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது.
சிரித்தேன், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றே மூட்டைக் கழுவினார்கள்.
பதினாறாம் நாள்: பதினஞ்சே முக்கால்.
கம்பம் ஏற இன்னும் சீட்டு தரவில்லை.
வீட்டில் எல்லா ஸ்விட்சையும் கழற்றி மாட்டுகிறார்.

நேற்று உமையாள் டீச்சர்
ரவிக்கையோடு வந்து நின்றார்.
ஒரு கைக்குள் ரெண்டு கை போகிறதாம்.