குடை

ஜம்பு இலை இரண்டைக் கூட்டித் தைத்திருக்கிறது தையல்சிட்டு.
நூல் என்னுடையது:
கொடியில் காய்ந்த நீலத் துவாயின் பிரிந்த கரை.

சனிக்கிழமை வேலி வெட்ட வந்த சுனிமலிடம்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
இந்தப் பக்கம் வேண்டாம் என்றேன்.
கத்தரிக்கோலை மடக்கினான்.
அதோடு நின்றிருக்கலாம்.

வெள்ளவத்தைக்கு மழை கடல்பக்கமிருந்து சரிந்து வரும்.
பழைய குடையைக் கிளையில் கட்டினேன்.
'அதன் பாடு அதற்குத் தெரியாதா?'
மேல்மாடி சில்மியா ஜன்னலைச் சாத்தினாள்.
மதிலில் இருந்த காகம் குடையைப் பார்த்தது,
பிறகு குடைக்குக் கீழே பார்த்தது.

பாணந்துறை ரயில் போனது. இன்னொன்றும் போனது.
அலகில் புழுவோடு தாய்
வயரில் இருந்து கத்திக்கொண்டே இருந்தது,
என்னைப் பார்த்தா, குடையைப் பார்த்தா, தெரியவில்லை.
இலைக்குள் சத்தம் மெலிந்துகொண்டு வந்தது.

நனைந்தபடி முடிச்சை அவிழ்த்தேன்.
குசினிக் கதவைச் சாத்தமுன்
அது உள்ளே போய்விட்டது.

இரவெல்லாம் தகரத்தில் மழை.
கதவருகே குடை விரிந்தபடி சொட்டிக்கொண்டிருந்தது.
விடிய, துவாயின் கரையை
இன்னும் கொஞ்சம் பிரித்துக் கொடியில் போட்டேன்.
காகத்துக்கு என்ன செய்வதென்று
யோசிக்கவில்லை.