கோட்டுக்குக் கீழே

எங்கள் ஊரை இரண்டாக்கியது ஆறோ மலையோ அல்ல,
ரயில் பாதை.
தண்டவாளத்துக்கு வடக்கே நுசைபின், தெற்கே காமிஷ்லி.
நாங்கள் அப்படிச் சொல்வதில்லை.
கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே என்போம்,
அடுக்களை அலமாரியில்
மேல்தட்டு, கீழ்த்தட்டு என்பது மாதிரி.

அறுபத்திரண்டில் ஒரே ஒரு நாள்
அரசாங்கம் தலையெண்ண வந்தது.
அப்பா அன்றைக்கு மேலே போயிருந்தார்,
கண்ணிவெடிகளுக்கு நடுவே, தேயிலை மூட்டையோடு.
எண்ணியவன் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டான்.
அப்பா திரும்பி வந்தபோது
இரண்டு காலும் இருந்தன,
நாடுதான் இல்லை.

அதற்கப்புறம் பிறந்த எனக்கும்
சிவப்பு அட்டை ஒன்று கொடுத்தார்கள்: அந்நியள்.
அதை வைத்துக்கொண்டு பருத்தி எடுக்கலாம்,
வயல் வாங்கக் கூடாது.
டமாஸ்கஸில் ஒருமுறை விடுதிக்காரன்
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எந்த நாட்டிலிருந்து வருகிறாய், அம்மா?"
அவன் தலைமாட்டில் கிடந்த
பருத்தித் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஃகெஸால் மேலே வாக்கப்பட்டாள்.
ஃகெஸால் என்றால் பெண்மான்.
அந்த முதல் எழுத்து தங்கள் அகரவரிசையில் கிடையாதென்றார்கள்
பதிவு அலுவலகத்தில்.
தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரும் எழுத்து அது.
அதற்குப் பதில் வெறும் மூச்சு ஒன்றைப் போட்டு
ஹெஸால் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்கு நாடு போயிற்று, அவளுக்கு ஓர் எழுத்து.
யாருக்கு நட்டம் அதிகமென்று
பெருநாள்தோறும் வேலிக்கு இருபுறமும் நின்று
கூவிக் கூவி வழக்காடுவோம்.
காவல் நிற்கும் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
அவள் மிட்டாய்ப் பொட்டலம் எறிவாள்.
பாதிக்கு மேல் நடுவில்தான் விழும்,
வெடி புதைத்த மண்ணில்.
அங்கே எறும்புகள் நன்றாகக் கொழுத்திருந்தன.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.
அட்டையை வாங்கிக்கொண்டு குடிமகள் என்றார்கள்.
சொன்ன கையோடு போர்.
சிப்பாய்கள் காலி செய்துபோன பள்ளிக்கூடத்தில்
என் மகள் பேரிவான்
அந்த எழுத்தைக் கரும்பலகையில் போட்டாள்:
குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கோடு.
கணக்கு வாத்தியார் தப்புக்குப் போடும் அதே குறி.
அது தப்பில்லை என்று தெரிய
எனக்கு நாற்பத்தைந்து வயதாயிற்று.

மேலே இருப்பவர்கள் சுவர் எழுப்பினார்கள்.
எழுப்பட்டும். எங்கள் கூரையில் ஏறினால்
அக்கா வீட்டுக் கொடி தெரியும்.
கொடி என்றால் துணி காயும் கொடி,
வேறெந்தக் கொடியும் அவள் ஏற்றியதில்லை.
பச்சைப் போர்வை தொங்கினால் சுகம் என்று பொருள்.

ஒரு வசந்தத்தில், நவ்ரோஸ் நெருப்பின் சாம்பல் ஆறுமுன்னே
அங்கே ஊரடங்கு. பிறகு பீரங்கி.
புகை வடிந்த காலையில்
போர்வை இல்லை, கொடி இல்லை, கம்பம் இல்லை,
தெருவே இல்லை.
ஆறு நாள் கழித்துத்தான் அவள் குரல் வந்தது,
யாருடைய போனிலிருந்தோ.

"கடைசியில் உங்களுக்கு என்னதான் வேண்டும்?"
வெளிநாட்டு நிருபர் ஒருத்தி கேட்டாள்.
எங்கள் கதவை நாங்களே திறக்க வேண்டும்,
நாங்களே சாத்த வேண்டும் என்றேன்.
மொழிபெயர்த்தவன் நீளமாக என்னவோ சொன்னான்.
அவள் ஒரே ஒரு சொல்லை எழுதிக்கொண்டாள்.

அக்கா இப்போது மெர்சினில், ஐந்தாம் மாடியில்.
கடல் பிடிக்கவில்லையாம், உப்பில் துணி காய்வதில்லையாம்.
நேற்று ஒரு படம் அனுப்பினாள்,
பால்கனியில் புதிதாய் ஒரு பச்சைப் போர்வை.
கீழே எழுதியிருந்தாள்: "தெரிகிறதா?"

படியேறிக் கூரைக்குப் போனேன்.
வெறும் பழக்கம்.